சிவப்பு விளக்கு எரியும்போது கவர் பிரிக்கக் கூடாது

அன்புள்ள தம்பிக்கு அண்ணன் எழுதுவது.

நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். குறை ஏதாவது இருந்தால் பதிலில் எழுது. இங்கே நானும் மகளும் உடம்பளவில் சௌகரியம். மனதளவில் எப்படி என்பதை ஒரு வரியில் சொல்ல முடியாததால்தான் இத்தனை பக்கம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு உன் அலுவலகத்தில் ஒரு வேலை பார்க்கச் சொல்லி, சென்ற மாதம் நான்காம் தேதி, அவளுக்குத் தெரியாமல் உனக்கு அவசரத் தபால் அனுப்பினேன் அல்லவா? நீயும் பாவம், யார் யாரையோ பிடித்து, வரவேற்பு மேஜையில் ஓர் இடம் வாங்கி, வருகிற ஒன்றாம் தேதி வந்து சேரச் சொல்லியிருக்கிறாய். அந்தக் கடிதத்தை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவள் வரமாட்டாள். நான் கேட்டது அவளுக்குத் தெரியவும் வேண்டாம். ஏன் என்பதைக் கீழே எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிப் பக்கத்தை முதலில் படிக்காதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

இப்போது வீட்டில் நான் மட்டும்தான். நடக்கப் போனவன் செருப்பு வார் அறுந்ததால் பாதியில் திரும்பிவிட்டேன். மகள் கடைக்குப் போயிருக்கிறாள். அவளுடைய அறையில், அவளுடைய துணி அலமாரிக்கு எதிரே, அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வீட்டில் தெருச் சத்தம் குறைவாகக் கேட்கும் இடம் இதுதான். வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினால்தான் எனக்குப் பேனா ஓடும் என்பது உனக்குத் தெரியும். என்னோடு ஒரே அறையில் பரீட்சைக்குப் படித்து அவதிப்பட்டவன் நீ. அலமாரி மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அணைக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது, மின்சாரம் வீண். அணைத்திருப்பேன், ஆனால் ஒருமுறை தூசி துடைக்கிறேன் என்று ஏதோ ஒரு குமிழைத் திருப்பிவைத்து, ஒரு பற்பசை விளம்பரம் முழுக்க என் மகள் கிணற்றுக்குள்ளிருந்து பேசியதுபோல் ஆகிவிட்டது. அன்றிலிருந்து அவளுடைய சாமான்களை நான் தொடுவதில்லை.

அவள் என்ன வேலை செய்கிறாள் என்று உனக்கு இன்னும் சரியாகப் புரிந்திருக்காது. எனக்கே புரிந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அவள் குரல் கொடுக்கிறாள். லிஃப்டில் 'கதவு மூடுகிறது' என்று சொல்வது, போனில் 'ஒன்றை அழுத்தவும்' என்று சொல்வது, மாத்திரை டப்பாவோடு வரும் விவரத்தைக் கண் தெரியாதவர்களுக்காகப் படித்துத் தருவது, இப்படி. யாரிடமும் மாதச் சம்பளம் கிடையாது. கேட்பவர்களுக்குச் செய்து கொடுத்து, பில் அனுப்பி, பணம் வாங்கிக்கொள்கிறாள், அதற்கு ஃப்ரீலான்ஸ் என்று பெயர். நீ சின்ன வயதில் அவளுக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர் வைத்தாயே, அந்த ரேடியோவுக்கு இப்போது நிமிடத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிறார்கள். பதிவு செய்யும் இடம்தான் இந்த அலமாரி. உள்ளே கம்பளிகளைத் தொங்கவிட்டு, ஒரு ஸ்டூலைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டால் எதிரொலி வராதாம். சிவப்பு விளக்கு எரிந்தால் வீட்டில் ஓர் இலை அசையக் கூடாது. மின்விசிறி, ஃபிரிட்ஜ், தண்ணீர்க் குழாய் எல்லாம் நிறுத்தம். நான் மூச்சு விடலாம், ஆனால் மூக்கால் மட்டும். யாராவது என்னிடம் 'பொண்ணு என்ன பண்றா?' என்று கேட்டால், 'வீட்டுலதான் இருக்கா' என்று சொல்லிவந்தேன். அலமாரிக்குள் இருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது?

இனி என் பங்கைச் சொல்கிறேன். முப்பத்தோரு வருடம் குடிநீர் வாரியத்தின் ஆவண அறையைப் பார்த்துக்கொண்டவன் நான். அங்கே ஒரு நல்ல பழக்கம் உண்டு: கவர் யார் பேருக்கு வருகிறதோ அவர்தான் பிரிக்க வேண்டும், ஆவண அறைக்காரனின் வேலை தேதி முத்திரை குத்துவது, பதிவேட்டில் வரிசை எண் போடுவது, பத்திரமாக வைப்பது. ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பழக்கத்தை வீட்டிலும் விடவில்லை. சொந்தச் செலவில் ஒரு தேதி முத்திரை வாங்கிவைத்திருக்கிறேன். மகள் பேருக்கு ஒரு கவர் வந்தால் முத்திரை குத்தி, பதிந்து, ஃபைலில் கோத்து, 'வரிசை எண் 47, அரசுக் கடிதம், கோப்பில் உள்ளது, தங்கள் பார்வைக்கு' என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி அலமாரிக் கதவின் இடுக்கில் செருகிவிடுவேன். அவள் அந்தச் சீட்டின் பின்பக்கத்தில், எங்கே மூச்சு விட வேண்டும் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு அடுத்த விளம்பரத்தைப் படித்திருக்கிறாள். முன்பக்கத்தை அவள் பார்க்கவில்லை, கவரை நான் பிரிக்கவில்லை. சிவப்பு விளக்கு எரியும்போது பிரித்தால் காகிதம் கிழிகிற சத்தம் வேறு கேட்கும். உன் அண்ணி இருந்திருந்தால் முதல் கவரையே கெட்டில் ஆவியில் காட்டி, ஒரு சத்தமும் இல்லாமல் பிரித்துப் படித்து, திரும்ப ஒட்டியும் வைத்திருப்பாள். அவள் இல்லாதபோதுதான் அவளுடைய அருமை இப்படியெல்லாம் தெரிகிறது.

சென்ற மாதம் மூன்றாம் தேதி, விளக்கு எரியும் நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஓர் ஆள். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டுமாம், அதுவும் அவளே. கழுத்தில் ஹெட்ஃபோனோடு வந்தாள், வாங்கினாள், நின்ற இடத்திலேயே பிரித்தாள். வருமான வரி. இரண்டு வருடத்து வரி, கட்டாததற்கு அபராதம், அதற்கு மேல் வட்டி. மொத்தம் என் ஓய்வூதியத்தில் ஏழு மாதம். முப்பது நாளுக்குள் கட்டாவிட்டால் வங்கிக் கணக்கை முடக்குவோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். சம்பளத்துக்கு இருந்தபோது வரியைப் பிடித்துக்கொண்டுதான் தந்தார்கள். இப்போதும் பில் பணத்தில் பிடித்துக்கொண்டுதான் தருகிறார்கள் என்று அவள் நினைத்திருக்கிறாள். சொந்தமாகத் தொழில் செய்கிறவளுக்கு யாரும் எதையும் பிடிக்கவில்லை. வந்ததெல்லாம் நம்முடையது என்று இரண்டு வருடம் இருந்துவிட்டோம். மெத்தைக் கடைக்காரர் ஒருவரின் கிடங்குக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை இருக்கிறது, நாலு பக்கமும் மெத்தை, ஊசி விழுந்தால்கூடக் கேட்காது. அதை வாடகைக்கு எடுத்து அலமாரியிலிருந்து வெளியே வருவதற்காக அவள் சேர்த்துவைத்திருந்த பணம் கிட்டத்தட்ட அதே தொகை. அந்த மாதம் கையெழுத்துப் போடுவதாக இருந்தாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். 'அப்பா, இதுக்கு முன்னாடி பதினோரு கடிதம் அனுப்பினதா எழுதியிருக்காங்களே?' என்றாள். நான் நிமிர்ந்து நின்று, 'பத்திரமா இருக்கு' என்று சொல்லி ஃபைலைக் கொண்டுவந்து வைத்தேன். பதினொன்று. ஒன்றுகூடக் கசங்கவில்லை. அந்த நிமிடம் வரை அதில் எனக்குப் பெருமைதான், அதற்கடுத்த நிமிடம்தான் காதெல்லாம் சூடானது. அவள் தரையில் உட்கார்ந்துகொண்டு பதினோரு கவரையும் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். முதல் கவரை விரலால் கிழித்தபோது நான் முகத்தைச் சுளித்திருக்கிறேன் போலிருக்கிறது. எழுந்து போய் ஒரு ஸ்கேலை எடுத்துவந்து, மீதிப் பத்தையும் ஓரம் பிசகாமல் பிரித்தாள். தம்பி, ஏழு மாத ஓய்வூதியம் தலையில் விழுந்திருக்கும்போது அப்பன் முகம் சுளிப்பதைக் கவனிக்கிற ஒருத்தியை நீ பார்த்திருக்கிறாயா? நானாக இருந்தால் ஃபைலைத் தூக்கி எறிந்திருப்பேன். மறுநாள்தான் பயந்துபோய் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். மாதச் சம்பளம் என்றால் வரியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், பெண்ணும் வெளிச்சத்தில் உட்காருவாள், எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

அவள் வரி அலுவலகத்துக்குப் போன் போட்டாள். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது, தயவுசெய்து காத்திருக்கவும்' என்று ஒரு குரல். நான் அவளைப் பார்த்தேன், அவள் போனைப் பார்த்தாள். அது அவளுடைய குரல். ஒரு வருடத்துக்கு முன்னால் ஓர் ஏஜென்சிக்காக, யாருக்கு என்று தெரியாமலேயே நாற்பது வாக்கியமும் நூறு வரை எண்களும் பேசிக் கொடுத்திருக்கிறாள், அதில் இது ஒன்று. நாற்பது நிமிடம் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒருமுறை, 'தயவுசெய்துவை ரொம்ப இழுத்துட்டேன்பா' என்றாள். வேறொரு வாக்கியம் 'வரியை உரிய காலத்தில் செலுத்துவோம்' என்று வந்தபோது ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்தாள். கடைசியில் ஒரு குமாஸ்தா எடுத்து, 'சொல்லுங்க' என்றார். இவள் 'வணக்கம், என் கணக்கு விஷயமாக' என்று ஆரம்பித்தாள். அவர், 'சே, மறுபடி இதுவா' என்று சொல்லி வைத்துவிட்டார். மெஷின்தான் இன்னும் பேசுகிறது என்று நினைத்துவிட்டார் மனிதர். மறுபடி நாற்பது நிமிடம். இந்தத் தடவை என்னைப் பேச வைத்தாள். நான் பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, தங்கள் கடித எண் இன்னது, நாள் இன்னது, எமக்குக் கிடைத்த நாள் இன்னது என்று பதினொன்றையும் வரிசையாகப் படித்தேன். ஆறாவதிலேயே குமாஸ்தா, 'ஐயா, போதும், வெள்ளிக்கிழமை காலையில நேர்ல வந்துடுங்க' என்று சொல்லிவிட்டார்.

கீழ்வீட்டுக்காரர் இருக்கிறாரே, அவர் எனக்கு ஒரு யோசனை சொன்னார். 'கடிதமே வரலைன்னு சொல்லிடுங்க. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. அபராதம் போயிடும்' என்றார். மகளிடம் சொன்னேன். 'வேணாம்பா' என்றாள். வேண்டாம் என்று அவள் சொன்னதை நான் யோசித்துப் பார்த்து, சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். தப்பு என்னுடையது, அதைச் சரி செய்ய வேண்டியவனும் நான்தான் என்று ஒரு வீம்பு.

வெள்ளிக்கிழமை வரி அலுவலகத்துக்குப் போனோம். அங்கே வரவேற்புக் கூடத்தில் சுமார் அறுபது பேர் எண் சீட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்திலும் ரத்தம் இல்லை. எனக்கு அடுத்த நாற்காலியில் ஒரு பெரியவர், தையல்காரராக இருக்க வேண்டும், சட்டை மடிப்பில் ஊசிகள் குத்தியிருந்தன. மடியில் ஒரு பையை வைத்து இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டிருந்தார். அப்போது கூரையிலிருந்த ஒலிபெருக்கியில், 'எண் முப்பத்தெட்டு, மூன்றாம் அறைக்கு வரவும்' என்று என் மகளின் குரல் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெரியவர் சீட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், 'சரிம்மா, இதோ வரேன்' என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ஒலிபெருக்கிக்குப் பதில் சொல்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து பில்களைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள், அவள் இதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். நான் முப்பத்தோரு வருடம் பத்திரமாக வைத்த காகிதங்களில் ஒன்றைக்கூட எவரும் தேடி வந்ததில்லை. இவள் ஓர் அலமாரிக்குள் உட்கார்ந்து சொன்ன ஒரு வாக்கியத்தை நம்பி, பயத்தில் பையை இறுக்கிக்கொண்டிருந்த ஒரு மனிதர் எழுந்து நடக்கிறார். இவளுக்கு நான் அப்பன் என்று அங்கேயே எழுந்து நின்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை. இதுவரை அவளிடமும் சொன்னதில்லை. இரு, தெருவில் எவனோ லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே போகிறான், என் வாக்கியம் எனக்கே கேட்கவில்லை.

அதிகாரி ஒரு பெண்மணி. கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். 'பதினோரு கடிதம் அனுப்பியிருக்கோம். வந்துச்சா?' என்று கேட்டார். மகள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, 'ஒண்ணுகூட வரலைங்க மேடம்' என்று சொன்னேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். முப்பத்தோரு வருடப் பழக்கம் சும்மா விடுமா? யார் எதைக் கேட்டாலும் ஆதாரத்தை எடுத்து நீட்டுகிற கை இது. 'வேணும்னா பதிவேட்டையே பாருங்க' என்று நீட்டிவிட்டேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார். வரிசை எண், அனுப்பியவர், கிடைத்த நாள், முத்திரை, என் கையெழுத்து. பதினொன்றும் இருந்தன. 'ரொம்பத் தெளிவா இருக்குங்க' என்றார். நான் உட்கார்ந்தேன். உட்கார நாற்காலி இருந்தது என் அதிர்ஷ்டம்.

அப்போது மகள் பேசினாள். 'எல்லாம் வந்துச்சு மேடம். அப்பா ஒண்ணுவிடாம எடுத்து வெச்சிருந்தாரு, எனக்குச் சீட்டும் எழுதி வெச்சாரு. நான்தான் பார்க்கலை. தப்பு என்னோடதுதான்' என்றாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. என் பேர் அதில் பாராட்டாக மட்டும்தான் வந்தது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, 'இன்னொரு தடவை பேசும்மா' என்றார். அப்புறம், 'மூன்றாம் அறைக்கு வரவும், அது நீதானா?' என்று கேட்டார். பக்கத்து மேஜைகளிலிருந்து நாலைந்து பேர் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒருவர், 'போன வருஷம் வரைக்கும் ஒரு அம்மா திட்டுற மாதிரி கூப்பிடும். நீங்க வந்தப்புறம்தான் ஜனங்க சண்டை போடாம உள்ள வர்றாங்க' என்றார். போனை வைத்த குமாஸ்தாவும் அதில் இருந்தார், அவர் மட்டும் பின்னால் நின்றார்.

அதற்காக வரியைத் தள்ளுபடி செய்துவிடவில்லை, அந்தப் பெண்மணி அப்படிப்பட்டவர் இல்லை. 'வரி வரிதான்' என்றார். 'ஆனா இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல, தனக்கு எதிரா இவ்வளவு சுத்தமா சாட்சி கொண்டுவந்தவங்களை இப்பத்தான் பார்க்கிறேன். செலவுக்கு பில் ஏதாவது வெச்சிருக்கீங்களா?' என்று கேட்டார். தம்பி, என்னிடம் வந்து பில் வைத்திருக்கிறாயா என்று கேட்டால் எப்படி இருக்கும்? மைக், வயர், கம்பளி, ஸ்டூல், தொண்டை மாத்திரை வரை இரண்டு வருடத்து பில்லும் இன்னொரு ஃபைலில் இருந்தது. மகள் ஒவ்வொன்றாக எடுத்து, இது எதற்கு, இது எந்த வேலைக்கு என்று விளக்கினாள். 'அலுவலகம் எவ்வளவு பெரிசு?' என்று கேட்டார். 'மூணடிக்கு ரெண்டடி மேடம். குளிர்காலத்துல கோட்டு மாட்டினா இன்னும் கொஞ்சம் குறையும்' என்றாள். அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். செலவைக் கழித்ததில் ஏழு மாதம் ஐந்து மாதமானது. முதல் தடவை என்பதால் அபராதத்தில் பாதியைக் குறைக்க மனு எழுதச் சொன்னார். மீதியைப் பத்துத் தவணையில் கட்டலாம் என்றார்.

திரும்பும் வழியிலேயே அவள் மெத்தைக் கடைக்குப் போனாள். 'இப்போ என்னால முடியாதுங்க. பத்து மாசம் ஆகும். நடுவுல யாராவது கேட்டா குடுத்துடுங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்' என்றாள். அவர் கணக்கு நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், 'ஜன்னல் இல்லாத ரூமை உன்னைத் தவிர யாரும்மா கேக்கப் போறாங்க? வரும்போது வா' என்றார். வீட்டுக்கு வந்து வங்கியில் தனியாக ஒரு கணக்குத் தொடங்கி, எந்த பில் பணம் வந்தாலும் அன்றைக்கே நாலில் ஒரு பங்கை அதில் போட்டுவிடுகிறாள். அதற்கு என்ன பேர் வைப்பது என்று என்னைக் கேட்டாள். 'நம்முடையது அல்ல' என்று ஃபைலின் முதுகில் எழுதிக் கொடுத்தேன். என்னைக் கவர் பிரிக்கும் அதிகாரியாக நியமித்து எழுத்து மூலம் உத்தரவு போட்டு, சத்தமில்லாமல் பிரிக்கிற ஒரு கத்தியும் வாங்கித் தந்திருக்கிறாள். உத்தரவுக்கு வரிசை எண் 93.

இப்படிப்பட்டவளை உன் வரவேற்பு மேஜையில் உட்காரவைத்து, வருகிறவர்களிடம் 'யாரைப் பார்க்கணும்' என்று கேட்கவைக்க எனக்கு மனமில்லை. நீ எடுத்துக்கொண்ட சிரமத்துக்கு மன்னித்துக்கொள். ஒரே ஒரு வேண்டுகோள்: நான் வேலை கேட்டதும் அவளுக்குத் தெரியக் கூடாது, இங்கே புகழ்ந்திருப்பதும் அவள் காதுக்குப் போகக் கூடாது. முதலாவது தெரிந்தால் மனம் நோவாள், இரண்டாவது தெரிந்தால் என்னைக் கிண்டல் செய்வாள். உன் மனைவியிடம்கூடச் சொல்லாதே.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உன் முழங்கால் வலியை உடனே டாக்டரிடம் காட்டு. அவர் தரும் பில்லைப் பத்திரமாக வை. உங்களுக்கு வருகிற கவரெல்லாம் நல்ல கவராக வரட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: மேலே எழுதியது எல்லாம் வீண். கையெழுத்துப் போட்டு முடித்த நேரத்தில் மகள் கடையிலிருந்து வந்தாள். என்னை இந்த நாற்காலியில் பார்த்து, 'நடக்கப் போகலையாப்பா?' என்று கேட்டுக்கொண்டே அலமாரிக்குள் கையை விட்டு ஹெட்ஃபோனை எடுத்துக் காதில் மாட்டினாள். சிவப்பு விளக்கை அவள் மறக்கவில்லையாம். மெத்தைக் கடை அறையோடு ஒப்பிட்டுப் பார்க்க, ஆளில்லாத வீட்டின் அமைதியைப் பதிவு செய்ய மைக்கை ஓடவிட்டுவிட்டுப் போயிருக்கிறாள். ஒன்றரை மணி நேரமும் நான்தான் பதிவாகியிருக்கிறேன். என்னால் எழுந்திருக்கவும் முடியவில்லை. கேட்டு முடித்துவிட்டு, 'சித்தப்பாகிட்ட வேலை கேட்டது எனக்கு அப்பவே தெரியும்பா. சித்தி போன் பண்ணி எப்ப வர்றேன்னு கேட்டாங்க. வரலைன்னு அன்னைக்கே சொல்லிட்டேன்' என்றாள். ஆக, நீ உன் மனைவியிடம் சொல்லிவிட்டாய், அவள் இவளிடம் சொல்லிவிட்டாள், என்னிடம் மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. கிண்டல் செய்வாள் என்று காத்திருந்தேன். அவள் ஹெட்ஃபோனைக் கழற்றாமல், 'அந்தத் தையல்காரர் விஷயம் முடிஞ்சதும் ஒண்ணு சொன்னீங்களே, அதுல லாரி ஹாரன் விழுந்துடுச்சுப்பா. மறுபடி சொல்லுங்க' என்றாள். அந்தப் பக்கத்தை எடுத்துப் படித்தேன். நடுவில் எனக்குக் குரல் உடைந்துவிட்டது. 'இன்னொரு தடவை' என்றாள். மூன்றாவது தடவை நான் சரியாகத்தான் சொன்னேன், லாரியும் வரவில்லை. அவள்தான் மூக்கை உறிஞ்சிக் கெடுத்துவிட்டாள்.